எஞ்சினை அணைக்காத அண்ணாச்சி

அண்ணாச்சி தங்கம் கடத்துகிறார் என்று நான் நம்பினேன். ஏதோ ஒரு மத்தியான நேரத்துச் சந்தேகம் என்று நினைத்துவிட வேண்டாம். அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து மட்டாஞ்சேரியைச் சுற்றிய காலத்தில் பாதியை இந்த நம்பிக்கையோடுதான் சுற்றினேன். ஆதாரம் கேட்டால் என்னிடம் ஒன்றே ஒன்று இருந்தது: மனிதர் வண்டியின் எஞ்சினை அணைக்கவே மாட்டார்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். யோக்கியன் ஒரு கடைக்குப் போனால் வண்டியை நிறுத்துவான், சாவியை எடுப்பான், வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு உள்ளே போவான். எந்த நிமிடமும் ஓட வேண்டியிருக்கும் என்று தெரிந்தவன்தானே எஞ்சினை ஓடவிட்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, சீட்டைவிட்டு இறங்காமலே வியாபாரம் பேசுவான்? அந்தக் காலத்துக் கொச்சிக்காரனுக்கு இப்படி யோசிக்கத் தனி மூளை தேவையில்லை. கப்பல் வந்தால் வாட்சும் டேப் ரெக்கார்டரும் நைலான் புடவையும் ஏதாவது ஒரு சந்து வழியாக ஊருக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றை இறக்கிய கைகளில் ஒன்று எனக்கு முன்னால் ஆக்ஸிலேட்டரைப் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்தேன். பிடிபட்டால் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். குளிக்கும்போது ஒத்திகைகூடப் பார்ப்பேன்.

அவருக்குப் பெயர் இருந்தது. யாரும் சொன்னதில்லை. நாகர்கோவில் பக்கத்து ஆள். பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் விற்ற குஜராத்தி சேட்டு முதல் மூட்டை தூக்குகிறவர்கள் வரை எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. சேட்டுவின் கம்பெனியில் அவருக்கு வண்டி வேலை. குடோனில் எடுத்த மிளகு சாம்பிளைச் சின்னச் சின்னத் துணிப்பைகளில் போட்டு, வாங்குகிறவர்களின் ஆபீசுகளுக்கும், துறைமுகத் தீவில் இருந்த ஏற்றுமதிக்காரர்களுக்கும், களமசேரியில் மிளகிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஒரு தொழிற்சாலைக்கும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். முதலில் போய்ச் சேர்கிற சாம்பிளுக்குத்தான் நல்ல விலை. அதனால் வண்டி, அதனால் அண்ணாச்சி.

நான் எதற்கு? அந்தத் துணிப்பைகளை மடியில் வைத்துக்கொள்ள. பாலக்காட்டிலிருந்து என்றைக்கோ கொச்சிக்கு வந்த தமிழ்க் குடும்பத்தின் கடைசிப் பையன், பி.காம். படித்துவிட்டு மிளகுப் பைக்கு மடி கொடுத்தேன். பின்னால் ஒரு ஆள் வேண்டும் என்று சேட்டுவிடம் அடம்பிடித்து வாங்கியவர் அண்ணாச்சிதான். “தனியா கொண்டுபோனா குலுக்கத்துல மிளகு உடைஞ்சிரும் சேட்டு” என்றாராம். உரலில் போட்டு இடித்தாலே துள்ளி ஓடுகிற மிளகு மோட்டார் சைக்கிளில் உடைந்துவிடுமா என்று சேட்டு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அண்ணாச்சியோடு வாதாடத் தொண்டை வேண்டும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த வண்டியையும் சொல்லிவிடுகிறேன். பட்டாளத்தில் உழைத்துத் தேய்ந்து, ஏலத்தில் வந்த பெரிய நாலு ஸ்ட்ரோக் புல்லட். அதைக் கிளப்புவது கிட்டத்தட்ட ஒரு பூஜை. பெட்ரோல் குழாயைத் திறக்க வேண்டும். கார்பரேட்டரில் ஒரு குமிழை அமுக்கிப் பெட்ரோல் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கைப்பிடிப் பக்கத்துக் குட்டி லீவரைப் பிடித்து எஞ்சினின் மூச்சைக் கொஞ்சம் வெளியே விட்டு, ஹெட்லைட் தலையில் இருக்கும் கரண்ட் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல மிதிக்க வேண்டும். அப்புறம் உடம்பு மொத்தத்தையும் தூக்கி ஒரே மிதி. கணக்குத் தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். எங்கள் குடோனில் ஒருவர் ஆசைப்பட்டு ஒரே ஒரு தரம் மிதித்தார். ஓணம் முழுக்கக் கட்டுப்போட்ட காலோடு உட்கார்ந்திருந்தார்.

கிளம்பிவிட்டாலோ, அது ஓட்டமில்லை, இடி. டப், டப், டப் என்று ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும். சைலன்சர் வழியே வெளியே போவதைவிடச் சீட்டின் வழியே நம் வயிற்றுக்குள் வருவதுதான் அதிகம். பஜார் ரோட்டுக் குடோன் சுவர்களுக்கு நடுவே போனால் மேலே ஓட்டில் உட்கார்ந்திருக்கும் புறாக்கள் எழுந்து பறக்கும். இறங்கி வீட்டுக்குப் போன பிறகும் என் பற்கள் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த இடியை வைத்துக்கொண்டுதான் அண்ணாச்சி ஊரோடு பேசினார். சாயாக்கடை முன்னால் வண்டியில் உட்கார்ந்தபடியே கிளாசை வாங்குவார். கிளாசுக்குள் சாயா கடல் மாதிரி அலையடிக்கும்.

“அண்ணாச்சி, அதொந்நு ஓஃபாக்கு! என் கடையில ஒருத்தனும் பேச முடியல!” என்று கடைக்கார இக்கா கத்துவார்.

“பேசத்தானே வேணும்? முன்னால வந்து நின்னு சத்தமா பேசும்!” என்று இவர் அதைவிடப் பலமாகக் கத்துவார்.

இக்கா முன்னால் வந்து நின்று கத்துவார். எல்லாரும் அப்படித்தான். அண்ணாச்சியிடம் விஷயம் சொல்ல வேண்டுமானால் வண்டிக்கு முன்னால் வந்து, முகத்துக்கு நேரே நின்று, தொண்டையைத் திறக்க வேண்டும். சேட்டு மட்டும் முதல் மாடி ஜன்னலிலிருந்து கத்துவார். அரபு நாட்டுக்காரர்கள் பெட்ரோல் விலையை ஏற்றிவிட்ட பிறகு அந்தக் கத்தல் ராகம் மாறியது.

“எந்தா அண்ணாச்சி இது? பெட்ரோல் என்றெ அப்பன்றெ கிணத்திலயா ஊறுது? நிக்கும்போ ஓஃப் செய்!”

“ஆஃப் பண்ணுனா திருப்பிக் கிக் பண்ணணும் சேட்டு! திருப்பி அடிச்சா என் கால் போவும்! கால் போனா ஆஸ்பத்திரிச் செலவு ஆரு பாக்கது? நீரு!”

பெட்ரோலையும் ஆஸ்பத்திரியையும் மனதுக்குள் எடை போட்டுவிட்டுச் சேட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்வார்.

ஒரு வியாபாரி இறந்துபோனார். துக்கத்துக்குப் போனோம். அங்கேயும் அணைக்கவில்லை. வாசலுக்கு வெளியே டப் டப் என்று ஓட, அண்ணாச்சி சீட்டில் உட்கார்ந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமான அழுகைதான். உள்ளேயிருந்து ஒரு பெரியவர் கோபமாக வந்து வாயைத் திறந்தவர், அந்தக் கண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். பின்சீட்டில் நான் கணக்குப் போட்டேன். சாவு வீட்டில்கூட ஒருவன் இறங்கமாட்டான் என்றால் அவனை எவ்வளவு பெரிய போலீஸ் தேடிக்கொண்டிருக்க வேண்டும்!

இன்னொரு சங்கதியும் என் சந்தேகத்துக்கு உரம் போட்டது. முதல் நாளே எனக்கு ஒரு முறை சொல்லித் தந்திருந்தார். பின்னால் லாரியோ பஸ்ஸோ வந்தால் இடுப்பில் ஒரு குத்து விட வேண்டும். இடப்பக்கம் ஏறி வந்தால் இடது இடுப்பு, வலப்பக்கம் என்றால் வலது.

“கண்ணாடி மாட்டக் கூடாதா அண்ணாச்சி?”

“இந்தக் குலுக்கத்துல கண்ணாடி மாட்டுனா லோகமே ஆடும் மக்கா. நீ குத்து. வாயால சொல்லாண்டாம், குத்து. ஆரு வந்தாலும் குத்தணும், கேட்டியா?”

யார் வந்தாலும்! அந்த ஒரு சொல்லில் எனக்குக் காக்கிச் சட்டை தெரிந்தது, ஜீப் தெரிந்தது. பயத்தில் நான் சைக்கிளுக்கெல்லாம் குத்தினேன். ஒரு தடவை பின்னால் வந்த கன்றுக்குட்டிக்குக் குத்தி, அவர் சடாரென்று ஓரம் கட்ட, மீன்காரி ஒருத்தி எங்கள் இரண்டு வம்சத்தையும் சேர்த்து வாழ்த்தினாள்.

ஆனால் அவர் பின்னால் உட்காருவதில் ஒரு சுகமும் இருந்தது. என் வீட்டுச் சண்டை, பெண் பார்க்கப் போய்ப் பலகாரம் மட்டும் தின்றுவிட்டு வந்த கதை, மூத்த அண்ணனின் அலட்சியம் என்று எல்லாவற்றையும் அந்த முதுகிடம் கொட்டுவேன். ஒரு நாளும் குறுக்கே பேசியதில்லை. “நீ செய்தது தப்பு” என்று சொன்னதில்லை. புத்திமதி கிடையாது. எங்கள் குடும்பத்தில் யாரிடம் வாயைத் திறந்தாலும் பதிலுக்கு ஒரு பிரசங்கம் வரும். அப்படி வளர்ந்தவனுக்கு இந்த முதுகு ஒரு கோயில். கடத்தல்காரராக இருந்தாலும் மனிதருக்கு எவ்வளவு பக்குவம் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பக்குவத்தைத்தான் தோப்பும்படிப் பாலத்தடியில் காட்டிக்கொடுத்தேன்.

களமசேரிக்குச் சாம்பிள் கொண்டுபோகும் வழி. பாலம் ஏறும் இடத்தில் கஸ்டம்ஸ் ஜீப் நிற்கிறது. வெள்ளை உடுப்புப் போட்ட ஆபீசர் கையைக் காட்டுகிறார். அண்ணாச்சி நிறுத்தினார், எஞ்சின் வழக்கம்போல ஓடுகிறது. நான் இறங்கினேன். இறங்கினேன் என்றா சொல்வது, வழிந்தேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன். தூக்கியதும் மடியிலிருந்த பைகள் சும்மா இருக்குமா?

“சாரே, எனிக்கொந்நும் அறியாது! எல்லாம் இந்த ஆளாணு! ஞான் பின்னில இருக்கிற ஆளு மாத்ரம்!”

ஆபீசர் என்னைப் பார்த்தார். “எந்து எல்லாம்?”

“தங்கம்...”

ஒரு பையின் வாய் அவிழ்ந்து மிளகு பாலச் சரிவில் பஸ் ஸ்டாண்டைப் பார்க்க உருண்டுகொண்டிருந்தது. ஆபீசர் குனிந்து ஒரு மணியை எடுத்தார். பல்லில் வைத்துக் கடித்தார். “தங்கத்தினு நல்ல எரிவு” என்றார், காரத்தில் உஸ்ஸென்று ஊதிக்கொண்டே. ஜீப்புக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். விஷயம் என்னவென்றால் அவர்களுடைய ஜீப்பின் பாட்டரி செத்துப்போயிருந்தது. தள்ளிவிட ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். தள்ளினேன். சட்டம் தன் கடமையைச் செய்யத் தோள் கொடுத்தவன் நான் ஒருவன்தான்; அண்ணாச்சி சீட்டைவிட்டு இறங்கவில்லை.

திரும்பி வந்து அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன். அவருக்கு இரண்டு முழம் தள்ளி நின்றல்லவா காட்டிக்கொடுத்திருந்தேன்! அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “மிளகைப் பொறுக்கு மக்கா, சேட்டு ஏசுவான்” என்றார். அவ்வளவுதான். என்ன ஒரு மனது என்று நினைத்துக்கொண்டே மிளகைப் பொறுக்கினேன். அன்றோடு கடத்தல் சந்தேகம் போயிற்று. எஞ்சினை ஏன் அணைப்பதில்லை என்பது மட்டும் விளங்கவில்லை. கிக்கருக்குப் பயப்படுகிறார், பாவம் என்று என் பயத்தில் கொஞ்சம் எடுத்து அவருக்குக் கொடுத்தேன்.

எண்பதுகள் பிறந்தன. ரோட்டில் வண்டிகளின் குரல் மாற ஆரம்பித்தது. முன்பெல்லாம் ஒரு வண்டி வந்தால் தெருவே யார் என்று சொல்லிவிடும், அத்தனை குறைவு. இப்போது ஜப்பான்காரன் கூட்டுச் சேர்ந்த நூறு சிசி வண்டிகள் வந்தன. மெலிந்த உடம்பு, ஒற்றை மிதியில் கிளம்பும், பெட்ரோலோடு ஆயில் குடித்து நீலப் புகை விடும், கண் மூடித் திறப்பதற்குள் ரிங்ங் என்று மறைந்துவிடும். எங்கள் எஞ்சினில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடையாது அதன் எஞ்சின். குதிரைச் சக்தியிலோ எங்களுடையதில் பாதியைத் தாண்டிவிட்டது. அந்தச் சுண்டைக்காய் உடம்புக்கு அதுவே ராக்கெட். இத்தனை குதிரைகளை எங்கே கட்டிவைத்திருக்கிறான் என்று நான் வண்டிகளைக் குனிந்து குனிந்து பார்ப்பேன்.

கும்பளங்கியில் இறால் வியாபாரம் செய்த ஒருத்தன் பள்ளுருத்தி ரோட்டில் அப்படியொரு வண்டியில் எங்களுக்கு இணையாக வந்தான். பின்னால் ஈரக்கூடை, வாயில் சிகரெட்.

“அண்ணாச்சியே! இது வண்டியா, நெல்லு குத்துந்ந மில்லா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல் போய்விட்டான். எங்களுக்கு மிஞ்சியது மீன் வாசனை. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அண்ணாச்சி சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

அவர் அந்த வண்டிகளை ரகசியமாக ஆராய்ந்துகொண்டுதான் இருந்தார். சாயாக்கடை முன்னால் எவனாவது நூறு சிசியை ஓடவிட்டு நிறுத்தியிருந்தால், தன் வண்டியை அருகே உருட்டிப்போய், சீட்டில் இருந்தபடியே அதன் டேங்கின் மேல் உள்ளங்கையை வைப்பார். வேலை முடிந்த பிறகு தன் வண்டிக்கும் அதே வைத்தியம்தான். கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, “ஒரு இடி தப்புது, பாயிண்ட்டைத் தேய்க்கணும்” என்று சட்டைப்பையிலிருந்து உப்புக் காகிதத்தை எடுத்து, எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் அந்த முனையைத் தேய்ப்பார், சொன்னது சரியாக இருக்கும். ஜப்பான் வண்டியின் மேல் வைத்த கையை உடனே எடுத்துவிடுவார்.

“எறும்பு ஊருத மாதிரி இருக்கு. இதுல மனுசனுக்கு என்ன தெரியும்? குதிரை கிடக்கட்டும், இழுவை எங்க மக்கா?”

சேட்டுக்கு இழுவை பற்றிக் கவலையில்லை. பெட்ரோல் குடிக்காத வண்டி எப்போது வரும் என்று காத்திருந்தார். வந்தது. அதுவும் நூறு சிசி, ஜப்பான் மூளை, ஆனால் நாலு ஸ்ட்ரோக். புகை இல்லை. பாயிண்ட் தேய்க்கும் வேலை கிடையாது, எல்லாம் ஒரு சின்னக் கறுப்பு டப்பாவுக்குள் எலக்ட்ரானிக். ஒரு லிட்டர் ஊற்றினால் ஆலுவா போய்த் திரும்பி, இன்னொரு முறையும் போகலாமா என்று கேட்கும். சத்தம்? ஷோரூம்காரர் அதைக் குடோன் வாசலில் ஓடவிட்டு, சீட்டின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை விளிம்பில் நிற்கவைத்துக் காட்டினார். நாணயம் நின்றது. தையல் மிஷின் ஓடும் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்தால் கேட்குமே, அந்த அளவு முனகல்.

சேட்டு கைதட்டினார். “அண்ணாச்சி, இனி இதாணு நம்முடெ வண்டி. பழையதை இரும்புக்குப் போடலாம்.”

அண்ணாச்சி நாணயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது வேண்டாம் சேட்டு” என்றார். முதல் தடவையாகக் கெஞ்சுகிற குரல். “இதுக்கு நெஞ்சு இல்ல. நான் பழசுலயே ஓட்டுதேன். பெட்ரோலுக்கு என் சம்பளத்துல பிடிச்சிக்கிடும்.”

சேட்டு கேட்கவில்லை. மறுநாள் காலையில் பஜார் ரோட்டு வண்டிகளும் கைவண்டிகளும் நெருக்கியடிக்கும் நேரத்தில், நாங்கள் இருவரும் புதுவண்டியில் ஏறினோம்.

ஏறியதுமே ஒரு கூத்து. ஷோரூம்காரர் கிளப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஓடிக்கொண்டிருக்கிற வண்டியை அண்ணாச்சி மறுபடி கிக் செய்தார். உள்ளே பல்சக்கரம் கறமுற என்று அலறியது. மூட்டை தூக்குகிறவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். “புது மாப்பிள்ளைக்கு வெப்ராளம், கையும் ஓடல காலும் ஓடல!” என்றார் சாயாக்கடை இக்கா. அண்ணாச்சியும் சிரித்தார். அவருடைய சட்டை முதுகில் ஒட்டியிருந்ததை நான்தான் பார்த்தேன்.

முதல் கியரில் புறப்பட்டார். அங்கேயே நின்றுவிட்டார். வண்டி கியரை மாற்று, மாற்று என்று கீச்சிடுகிறது, தெருவே திரும்பிப் பார்க்கிறது, இவர் பாட்டுக்கு அதே கியரில் போகிறார். புல்லட்டில் எந்த இடிக்கு எந்த கியர் என்று அவருடைய உடம்புக்குத் தெரியும். இதில் உடம்புக்குச் சொல்ல ஆளில்லை.

“கியர், அண்ணாச்சி, கியர்!” என்று கத்தினேன். கியர் மாறவில்லை.

அப்போது பின்னால் லாரி. ஹாரன் என்றால் அப்படியொரு ஹாரன். சந்து மாதிரி இருக்கிற ரோடு, முன்னால் சுக்கு மூட்டை ஏற்றிய கைவண்டி. நான் குத்தியிருக்க வேண்டும். குத்தவில்லை. வண்டிதான் சத்தம் போடாத வண்டியாயிற்றே, வாயால் சொன்னால் போதாதா என்று என் மூளை நினைத்திருக்க வேண்டும். “லாரி! லாரி! வலது பக்கம் லாரி!” என்று அலறினேன். அந்த ஹாரனையும் அந்த அலறலையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மனிதர் அமைதியாக வலப்பக்கம் ஒடித்தார்.

லாரியின் இரும்பு என் முழங்காலை உரசியபோதுதான் அவருக்குத் தெரிந்தது. பிரேக்கை மிதித்தார். இடது காலால் மிதித்தார். புல்லட்டில் இடது காலில்தான் பிரேக், வலது காலில் கியர். ஜப்பான்காரன் காலை மாற்றிப் போட்டிருந்தான். மிதித்த மிதி கியரில் விழ, வண்டி நிற்காமல் துள்ளி நேராகக் கைவண்டிக்குள் போனது. நல்லவேளை, சுக்கு மூட்டை மெத்தை மாதிரிதான் இருந்தது. நாங்கள் இருவரும் கீழே விழக்கூட இல்லை. மூட்டைகளுக்கு நடுவே வண்டியில் உட்கார்ந்த கோலத்திலேயே சொருகிக்கொண்டிருந்தோம். லாரி டிரைவர் எட்டிப் பார்த்துத் திட்டுகிறான். கைவண்டிக்காரன் நெஞ்சில் அடித்துக்கொள்கிறான். நூறு பேர் கத்துகிறார்கள்.

நானும் கத்தினேன். “உமக்கு என்ன அண்ணாச்சி, காது செவிடா?”

அந்த முதுகு திரும்பவில்லை. அண்ணாச்சி டேங்கின் மேல் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு தலையை மட்டும் என் பக்கம் திருப்பி, சின்னக் குரலில் கேட்டார்:

“மக்கா, வண்டி ஓடுதா? நின்னுட்டா?”

நான் வாயைத் திறந்து வைத்திருந்தேன். அதிலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. வந்திருந்தாலும் ஒன்றுதான். அத்தனை வருடம் அந்த முதுகிடம் சொன்ன கதைகள் எல்லாம், பலகாரக் கதை உட்பட, ஒரே சமயத்தில் என்னிடம் திரும்பி வந்து சேர்ந்தன.

“நின்னுருச்சு” என்று உதட்டை அசைத்தேன். படித்துக்கொண்டார்.

“சேட்டுகிட்ட சொல்லிராத. வண்டி போயிரும்.”

சேட்டு அதற்குள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்துவிட்டார். அண்ணாச்சிக்குப் பின்னால் நின்றுகொண்டு, “எந்தா உண்டாயது?” என்றார். எஞ்சின் இல்லாத அமைதியில் சேட்டுவின் நிஜக் குரல் எவ்வளவு மெல்லியது என்று அன்றுதான் கேட்டேன். அண்ணாச்சி திரும்பவில்லை. சேட்டு மறுபடி கேட்டார். நான் முந்திக்கொண்டேன்.

“என் தப்பு சேட்டு! லாரியைப் பாத்து பயந்து நான்தான் அண்ணாச்சி சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். வண்டி சாஞ்சிருச்சு.”

சேட்டு உடனே நம்பினார். பாலத்தடியில் நான் கை தூக்கிய கதை பஜார் முழுக்கத் தெரியும். என் கோழைத்தனத்துக்கு ஊரில் அவ்வளவு நாணயம் இருந்தது.

“அப்போ இனி நீ பின்னால ஏற வேண்டாம். நாளை முதல் அண்ணாச்சி தனியா போகட்டே.”

காப்பாற்றப் போய் மனிதரின் கழுத்தில் கயிறு மாட்டிவிட்டேன். சத்தமில்லாத வண்டி, குத்த ஆளில்லாத பின்சீட்டு, இந்த லாரிகள். இன்னொரு பொய்யைத் தேடினேன், கிடைக்கவில்லை. நான் பேசுவதைக் கண்டு தலையைத் திருப்பி, எங்கள் இருவர் உதடுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி, வண்டியை விட்டு இறங்கினார். வேலை நேரத்தில் அவர் வண்டியிலிருந்து இறங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“இவன் பொய் சொல்லுதான் சேட்டு” என்றார், பழைய இடி முழக்கக் குரலில். “எனக்குக் காது கேக்காது.”

சேட்டு சுற்றிக்கொண்டு அவர் முகத்துக்கு நேராக வந்தார்.

“எத்ர காலமாயிட்டு?”

“உம்மகிட்ட வாரதுக்கு முந்தியே. சின்ன வயசுல கப்பல் கொதிகலனுக்குள்ள உக்காந்து துரு தட்டுத வேலை. அதுல போச்சு. பக்கத்துல நின்னு கத்துனா கொஞ்சம் கேக்கும். வண்டி ஓடுனா ஊரே கத்தும்லா.”

சேட்டு சரிந்து கிடந்த ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். “அப்போ இத்ர காலம் நான் மாடியில் நிந்நு கத்தியதெல்லாம்?”

“பாதி கேட்டுச்சு.”

“எந்தப் பாதி?”

“பெட்ரோலுங்கித பாதி.”

யாரோ சிரித்தார்கள். சேட்டு சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. ஆனாலும் ஒரு ஆள் செத்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அண்ணாச்சியை வண்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். குடோனில் மூட்டை கணக்குப் பார்க்கும் வேலை கொடுத்தார்கள். புதுவண்டி, அதை ஓட்டத் தெரியாத எனக்கு வந்தது. நான் சைக்கிளைத் தள்ளுகிற மாதிரி அதைத் தள்ளிக்கொண்டு பழகப் போகும்போதும் வரும்போதும் குடோன் வாசலில் அண்ணாச்சி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். உட்கார முடியாத மனிதர். முழங்கால்கள் ஆடிக்கொண்டே இருக்கும். வலது கால் தரையில் யாருக்கும் தெரியாமல் கியர் மாற்றிக்கொண்டிருக்கும்.

ஓணத்துக்கு முன்னால் கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்குப் போவதாகச் சொல்லிவிட்டார். அந்தப் பழைய வண்டியைத் தரச் சொன்னார். சேட்டு கொடுத்தார். நாகர்கோவிலுக்கு ரயிலில் ஏற்றி அனுப்புவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஒரு காலையில் பெட்டியைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

“ஓட்டிக்கிட்டா போறீங்க? தனியாவா?” அவர் முகத்துக்கு நேரே நின்று, ஊர் கேட்கும்படி கத்தினேன். “ஆலப்புழை, கொல்லம், திருவனந்தபுரம், வழி நெடுக லாரி! நானும் வர்றேன், பின்னால இருந்து குத்துறேன்!”

“நீ வேண்டாம் மக்கா. வழியில இருக்க போலீஸ்காரன்கிட்ட எல்லாம் என்னைப் பிடிச்சுக் குடுத்துருவ.”

எனக்கு முகம் செத்துவிட்டது. “அது... உங்களுக்கு அன்னைக்கே கேட்டுச்சா?”

“ரெண்டு கையையும் தூக்கிட்டு, என்னைக் கண்ணால காட்டி நிக்குத. அதுக்குக் காது எதுக்குலே?”

முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்தார். ஒரே மிதி. புறாக்கள் எழும்பின.

அன்றைய பகலை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். ஆபீசில் போன் மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். பத்து மணிக்கு அரூர் பாலத்தில் அவரை ஒரு லாரி அடித்தது. மத்தியானம் ஹரிப்பாட்டில் பஸ் ஏறியது. ஒன்றரை மணிக்குக் கொல்லத்தில் ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டியின் ஊதல் கேட்காமல் போய் மாட்டினார். எல்லாம் என் நாற்காலியில் உட்கார்ந்தபடியே. கோயிலுக்கு ஒரு தேங்காய், பள்ளிவாசலுக்கு ஒரு சந்தனத்திரி, பள்ளுருத்திப் பக்கத்து மாதா கோயிலுக்கு ஒரு மெழுகுவர்த்தி என்று வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமிக்கு நெடுஞ்சாலை பொறுப்பு என்று தெரியவில்லை. சேட்டுவும் மாடிக்கும் கீழுக்கும் நடந்துகொண்டிருந்தார். போக விட்டிருக்கக் கூடாது என்று ஒரு தடவையும், அவன் கேட்கிற ஆளா என்று ஒரு தடவையும் சொன்னார்.

சாயங்காலம் ஆபீஸ் சாத்துகிற நேரத்தில் டிரங்கால் வந்தது. சேட்டு என்னை எடுக்கச் சொன்னார். அண்ணாச்சியின் வீட்டம்மா, பக்கத்து மருந்துக் கடையிலிருந்து பேசினார்.

“அக்கா, என்ன ஆச்சு?”

“என்ன ஆவணும்? வந்து சேந்துட்டாவ. குளிச்சி, கஞ்சி குடிச்சி, உறங்குதாவ.”

“வழியில ஒண்ணும்...?”

“ஒண்ணும் இல்ல தம்பி.”

காலையில் மட்டாஞ்சேரியில் புறப்பட்டார், பொழுது சாயும் முன் நாகர்கோவிலில் இறங்கினார். வழியில் ஒன்றும் நடக்கவில்லை.